மீன் இல்லாத கொக்கு

பழைய இரும்புக் கடையில் அவளை எல்லோரும் முத்திரையக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் அட்டையோடு சரி. கடைக்காரர் அவளைவிடப் பதினைந்து வயது இளையவர். அப்பா விட்டுப்போன கடையை நடத்துகிறவர். அவருக்கு இரும்பை எடைபோடத் தெரியும், ஏலத்தில் தொண்டை கிழியக் கத்தத் தெரியும். ஆனால் மூட்டையை அவிழ்த்துக் கொட்டினால் விழுகிற துருப்பிடித்த நூறு சாமானில் எது உருக்கப் போகவேண்டியது, எது கண்ணாடி அலமாரியில் உட்காரவேண்டியது என்று பிரிக்க அவருக்கு அவள்தான் வேண்டும்.

அவளுக்கு வலக்கண் கிடையாது. இமை ஒட்டிக் குழிந்து கிடக்கும். "ஒத்தக் கண்ணுலயே இத்தனை பார்க்கறீங்க, ரெண்டும் இருந்திருந்தா எங்களையே வித்துருப்பீங்கக்கா" என்று கடைக்காரர் கேலி செய்வார். அவள் சிரிக்கவும் மாட்டாள், கோபிக்கவும் மாட்டாள்.

கடையின் பின்பக்கம், தகரக் கூரைக்குக் கீழே ஒரு முக்காலிதான் அவள் இடம். உளியோ இழைப்புளியோ சுத்தியலோ, எதுவானாலும் முதலில் மண்ணெண்ணெயில் ஊறப்போடுவாள். கம்பி பிரஷ் என்றால் அவளுக்கு ஆகாது. "துருவோட சேர்த்து செஞ்சவங்க முத்திரையும் போயிரும். அப்புறம் அதுவும் அனாதை, நீயும் அனாதை" என்பாள். பழந்துணியால் துடைத்து, சாக்பீஸ் பொடியை விரலால் தேய்த்து ஊதுவாள். பள்ளத்தில் தங்கிய வெள்ளையில் முத்திரை தெளிந்து வரும். பிறகு கட்டைவிரல் நுனியால் ஓரத்தைத் தடவுவாள். அச்சு வைத்து அடித்த முத்திரை என்றால் சுற்றிலும் இரும்பு வரப்பு கட்டினாற்போல் லேசாக எழும்பி நிற்கும். திராவகம் ஊற்றி அரித்து எடுத்த போலிக்கு வரப்பு இருக்காது, வழவழவென்றிருக்கும். இதைக் கண்டுபிடிக்க அவளுக்குக் கண்ணே தேவையில்லை.

தேவையில்லாமல் போனதற்குக் காரணம், பதினோரு வருஷம் அவளே முத்திரை அடித்தவள்.

அது உளி செய்கிற கம்பெனி. கொக்கு மார்க் உளி என்றால் தச்சர்கள் கேள்வி கேட்காமல் வாங்கிய காலம். இரண்டு கால் ஊன்றி நிற்கும் கொக்கு, அலகில் ஒரு மீன். உளிக்குப் பதமேற்றுவதற்கு முன்னால், இரும்பு இளகலாக இருக்கும்போதே முத்திரை விழவேண்டும். அவள் கைப்பிரஸ்ஸில் உளியை வைத்துச் சக்கரத்தைச் சுண்டினால் மேலிருந்து அச்சு இறங்கிக் கொக்கைப் பதித்துவிட்டு ஏறும். ஒரு நாளைக்கு ஆயிரத்துக்குக் குறையாத கொக்கு.

ஒரு நாள் கொக்கின் அலகில் மீனைக் காணவில்லை. அச்சில் அந்த இடம் மட்டும் பெயர்ந்து விழுந்திருந்தது. அவள் அச்சைக் கழற்றி எடுத்துக்கொண்டு ஃபோர்மேனிடம் போனாள்.

"கொக்கு தெரியுதுல்ல?" என்றார் அவர்.

"தெரியுது சார். மீன்தான் இல்ல. பக்கத்துல ஒரு விரிசலும் ஓடுது."

"உளி வாங்கறவன் மரம் செதுக்கப் போறானா, மீன் குழம்பு வைக்கப் போறானா? போய் அடிம்மா."

எட்டு மாதம் அடித்தாள். மீன் இல்லாத கொக்கு ஆயிரக்கணக்கில் வெளியே போனது. விரிசல் நீளுகிறது என்று மூன்று தரம் சொன்னாள். மூன்றாவது தரம் சொன்னபோது, "உனக்கு என்ன, அச்சு மேல அவ்ளோ அக்கறை? உன் பொண்ணா அது?" என்று கேட்டு எல்லோரும் சிரித்தார்கள். அதற்குப் பிறகு அவள் சொல்லவில்லை. எட்டாவது மாதம் ஒரு காலை வேளையில் சக்கரத்தைச் சுண்டினாள். அச்சு இரண்டாகத் தெறித்தது. ஒரு துண்டு தரையில் கிடந்தது. இன்னொன்று அவள் கண்ணுக்குள் போனது.

ஆஸ்பத்திரியில் இரண்டு கண்ணையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். மூன்றாம் நாள் ஃபோர்மேனின் குரல் கேட்டது. ஏதோ தாள் சரசரத்தது. புருஷன் அவள் விரல்களுக்கிடையே பேனாவைச் செருகினான்.

"என்னங்க அது?"

"லீவு லெட்டர். போடு. வேலை போகாது."

அவன் கையைப் பிடித்து இடம் காட்ட, அவள் கையெழுத்துப் போட்டாள். வேலை போகவில்லை. பிரஸ்ஸிலிருந்து எடுத்து பேக்கிங்கில் போட்டார்கள். அடுத்த மாதமே அவள் புருஷனுக்கும் அங்கே வாட்ச்மேன் வேலை கிடைத்தது. ஃபோர்மேன் மனசு இளகித்தான் கொடுத்தார் என்று அவள் நம்பினாள். பின்னால் நஷ்டஈடு கேட்டு ஆபீஸ் ஏறியபோது, அப்படி ஒரு விபத்தே பதிவாகவில்லை என்று கதவைச் சாத்தினார்கள். நாலு வருஷத்தில் கம்பெனியையே சாத்திவிட்டார்கள். அவள் பழைய இரும்புக் கடைக்கு வந்தாள். புருஷன் ஈரல் கெட்டுச் செத்தான். ஆறு வயதில் அம்மாவின் கட்டுப்போட்ட கண்ணைப் பார்த்து அலறிய மகள் வளர்ந்து மருந்துக் கடையில் பில் போடுகிறவளானாள்.

லென்ஸ்காரர் கடைக்கு வரத் தொடங்கியது அதற்கெல்லாம் வெகு காலம் கழித்து. இன்ஷூரன்ஸ் ஆபீஸில் இருந்து ஓய்வு பெற்றவர். கழுத்தில் கயிறு கட்டி ஒரு பூதக்கண்ணாடி தொங்கும். பழைய கருவிகளின் முத்திரைகளைப் பற்றிப் புத்தகம் எழுதப் போவதாகச் சொன்னார். வாரம் தவறாமல் வந்து அவள் முக்காலிக்கு எதிரே உட்கார்ந்துவிடுவார்.

"இந்த அரை நிலா யாரோடதும்மா?"

"ரம்பம் பண்றவங்களோடது சார். நிலா மேல பார்த்தா பழசு. கீழ பார்த்தா மகன் காலத்துல பண்ணது. அப்பனும் மகனும் சண்டை போட்டுப் பிரிஞ்சப்ப திருப்பிக்கிட்டாங்க."

"இந்தப் புள்ளி?"

"அது முத்திரை இல்ல. யாரோ ஆணி அடிச்சுப் பார்த்திருக்கான்."

அவர் எல்லாவற்றையும் நோட்டில் குறித்துக்கொள்வார். வரப்பைத் தடவிப் பார்க்கிற வித்தையைக்கூட அவர் விரலைப் பிடித்துச் சொல்லிக் கொடுத்தாள். இரண்டு வருஷம் இப்படி ஓடியது. தன்னை ஒரு மனிதர் உட்கார்ந்து கேட்கிறார் என்பதில் அவளுக்கு உள்ளூர ஒரு பூரிப்பு இருந்தது. அதை மறைக்கத்தான் சிடுசிடுப்பாள்.

ஒரு நாள் அவர் ஒரு உளியை நீட்டினார். "இது டூப்ளிகேட்தானே? கொக்கு இருக்கு, மீன் இல்ல."

"ஒரிஜினல் சார். நான் அடிச்சது."

அவர் சிரித்தார். அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். அப்போதுதான் அவள் அச்சுக் கதையைச் சொன்னாள். மீன் பெயர்ந்தது, விரிசல், எட்டு மாதம், கண். அந்நியர் யாரிடமும் அதற்குமுன் முழுசாகச் சொன்னதில்லை.

அடுத்த வாரம் அவர் ஒரு பையோடு வந்தார். கம்பெனி கட்டடத்தை இடித்தபோது பழைய ரெஜிஸ்டர்களை மொத்தமாக வாங்கி வைத்திருந்தாராம்.

"நீங்க சொன்ன வருஷத்து விபத்து ரெஜிஸ்டர் இதும்மா. ஒரு பக்கம்கூட எழுதல. அச்சு உடைஞ்சதாவும் எங்கயும் இல்ல. ஆனா உங்க ஃபைல்ல இது இருந்துச்சு." பழுப்பேறிய ஒரு தாளை அவள் மடியில் வைத்தார். "இது உங்க கையெழுத்துதானே?"

கோணலாக, கோட்டை விட்டு இறங்கிப்போன அவள் கையெழுத்து. அதற்கு மேலே யாரோ அழகாக எழுதியிருந்தார்கள்: 'என் வீட்டில் விறகு பிளக்கும்போது சிராய் தெறித்து என் வலது கண்ணில் பட்டது. இதற்கும் கம்பெனிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.'

அவள் இரண்டு தரம் படித்தாள். "எங்க வீட்ல விறகடுப்பே கிடையாது சார். ஸ்டவ்தான்."

"இருக்கலாம்மா. ஆனா நீங்களே எழுதிக் குடுத்திருக்கீங்களே. நான் ஆதாரத்தை வச்சுதான் எழுத முடியும்."

அவள் பார்வை தாளின் அடியில் நின்றிருந்தது. 'சாட்சி' என்று எழுதி, கீழே ஒரு கையெழுத்து. கடைசி எழுத்தைச் சுழித்து மேலே கொண்டுபோய்க் கொக்கி போடுகிற பழக்கம் ஒருவனுக்குத்தான் உண்டு. அவள் புருஷன். படித்துப் பார்த்துத்தான் போட்டிருக்கிறான். தேதி, அவனுக்கு வாட்ச்மேன் வேலை கிடைப்பதற்குச் சரியாகப் பன்னிரண்டு நாள் முந்தியது.

ஃபோர்மேனை அவள் இருபத்தைந்து வருஷமாகத் திட்டித் தீர்த்திருந்தாள். புருஷனுக்கு ஒரு வசவுகூட மிச்சம் வைக்கவில்லை, செத்தபோது அழுதிருந்தாள்.

வீட்டில் மகளிடம் சொன்னாள். மகள், "அப்பா நமக்காகத்தான்மா செஞ்சிருப்பாரு. ரெண்டு பேரும் வீட்ல உட்கார்ந்திருந்தா நான் எப்படிப் படிச்சிருப்பேன்?" என்றாள்.

"கண்ணு என்னோடது. கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டிருந்தா போட்டிருப்பியா?"

"போட்டிருப்பேன். அதாண்டி எரியுது."

புத்தகம் வந்தது. கெட்டி அட்டை, வழவழத் தாள். அரை நிலாவின் கதை இருந்தது, வரப்பைத் தடவிப் பார்க்கும் வித்தை 'என் நீண்டகால அனுபவத்தில் கண்டறிந்தது' என்று இருந்தது. மீன் இல்லாத கொக்கு, போலிகளின் பக்கத்தில் பெரிய படமாக இருந்தது. கடைக்காரர் அதைப் பார்த்துவிட்டு, "இனிமே மீன் இல்லாததெல்லாம் உருக்கப் போறதுல போட்டுருங்கக்கா" என்றார். அவள் சரி என்றாள். ஆனால் போடவில்லை. கையில் சிக்கிய ஒவ்வொன்றையும் துடைத்து, எண்ணெய் தடவி, பின்கட்டில் ஒரு நீல டிரம்மில் போட்டு, மேலே ஓட்டைக் குழாய்களை அடுக்கி மூடிவைத்தாள். எதற்கென்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரிந்திருக்காது. தன் கையால் அடித்ததைத் தன் கையாலேயே போலி என்று தள்ள மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

மூன்று வருஷத்தில் டிரம் கழுத்துவரை நிறைந்தது. ஒரு நாள் லென்ஸ்காரர் ஆட்டோவை நிறுத்திவிட்டு ஓடாத குறையாக உள்ளே வந்தார்.

"நீங்க சொன்னது சரிம்மா! அச்சு செஞ்சு குடுத்த பட்டறைக்காரங்க வீட்ல ஒரு கடுதாசி கிடைச்சுது. 'மீன் பகுதி பெயர்ந்து, எட்டு மாதமாக ஓடிய அச்சு உடைந்துவிட்டது, உடனே புதிது தேவை'ன்னு கம்பெனியே எழுதியிருக்கு. மீன் இல்லாத கொக்குதான் இப்ப எல்லாத்தையும் விட அபூர்வம். வெளியூர்ல இருந்தெல்லாம் கேட்கறாங்க."

"கடுதாசில என் கண்ணு இருக்கா சார்?"

"அதுல அச்சைப் பத்தித்தாம்மா இருக்கு."

"அடுத்த புத்தகத்துல இருக்குமா?"

அவர் பூதக்கண்ணாடியைச் சட்டையில் துடைத்தார். "கருவியைப் பத்தின புத்தகத்துல அதை எங்கம்மா சேர்க்கறது? தவிர, நீங்க எழுதிக் குடுத்த தாள் வேற இருக்கு. அப்புறம் கேள்வி வரும். அதை விடுங்க. இங்க எத்தனை உளி கிடக்கும்? எல்லாத்தையும் நானே எடுத்துக்கறேன். கடைக்காரருக்கும் லாபம், உங்களுக்கும் பார்த்துச் செய்வேன்."

கடுதாசியை நம்பினார், பட்டறையை நம்பினார். எதிரே உட்கார்ந்திருந்தவளை மட்டும் அன்றும் நம்பவில்லை, இன்றும் நம்பவில்லை. அவள் டிரம் இருந்த பக்கம் திரும்பக்கூட இல்லை.

"புத்தகத்துல போலின்னு போட்டுட்டீங்களே சார். எல்லாம் உருக்கப் போயிருச்சு."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அதைப் பார்க்க அவளுக்கு நன்றாகத்தான் இருந்தது. ஆனால் அது ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கிற நேரம்கூட நீடிக்கவில்லை.

சனிக்கிழமை உருக்காலை லாரி வந்தது. கடைக்காரர் வெளியே போயிருந்தார். அவள் குழாய்களை எடுத்துப் போட்டுவிட்டு, டிரம்மை உருட்டச் சொல்லி லோடு ஏற்றுகிறவர்களைக் கூப்பிட்டாள். "எண்ணெய் தடவி வச்சிருக்கே, விக்கற சாமானாக்கா?" என்று ஒருவன் கேட்டான். "கழிசடை. ஏத்து" என்றாள். லாரி தெரு முனை திரும்பும்வரை நின்றாள். மனசு ஆறும் என்று நினைத்திருந்தாள். ஆறவில்லை. மாறாக, எட்டு மாதம் உழைத்த சோற்றை யாரோ தட்டோடு எடுத்துக்கொண்டு போனதுபோல இருந்தது.

விஷயம் இரண்டே நாளில் கடைக்காரர் காதுக்குப் போனது. அவர் கத்தவில்லை. "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமேக்கா" என்றார். வேலையை விட்டும் நிறுத்தவில்லை. நிறுத்தினால் முத்திரை பார்க்க ஆள் கிடையாது. ஆனால் கேலி நின்றுபோனது. டீ வரும்போது அவள் டம்ளரைத் தானே எடுத்து வந்து வைக்கிற வழக்கமும் நின்றது. மகள் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசவில்லை. "நம்ம கூரைக்கு ஓடு மாத்தியிருக்கலாம். உன் வீம்புக்கு எங்க தலைல மழை" என்றாள். மகள் சொன்னது நியாயம்தான்.

இரண்டாம் பதிப்பைக் கடைக்காரர் மேஜைமேல் போட்டுவிட்டுப் போனார். அதை வீட்டுக்கு எடுத்துப்போய் மகளைப் படிக்கச் சொன்னாள். இருக்கிற ஒரு கண்ணிலும் புரை விழத் தொடங்கியிருந்தது. மீன் இல்லாத கொக்குக்கு இப்போது தனி அத்தியாயம். முன்பு நேர்ந்த பிழைக்கு ஆசிரியர் பெருந்தன்மையோடு வருத்தம் தெரிவித்திருந்தார். அத்தியாயத்தின் கடைசி வரியில் மகளின் குரல் தடுக்கி நின்றது.

"ஏன் நிறுத்திட்ட? படி."

"'பழைய இரும்புக் கடைகளில் இருந்த விவரம் அறியாதவர்கள் பெரும்பாலானவற்றை உருக்கப் போட்டுவிட்டது நம் துரதிர்ஷ்டம்.'"

"விவரம் அறியாதவங்க" என்று அவள் ஒரு தரம் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "சரி, அதுலயாவது என்னைச் சேர்த்தாரே."

மகள் சிரிக்கவில்லை. புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவள் காலை எடுத்து மடியில் வைத்துப் பிடித்துவிட்டாள்.

முத்திரையக்கா மறுநாளும் வேலைக்குப் போனாள். அதற்குப் பிறகும் மூன்று வருஷம் போனாள். சாமானைத் துடைத்தாள், பிரித்தாள், அலமாரிக்கு ஒன்று, லாரிக்கு ஒன்று என்று ஒதுக்கினாள். ஆனால் பூதக்கண்ணாடி மாட்டிய யாராவது எதிரே வந்து உட்கார்ந்து, இது யாருடைய முத்திரை என்று கேட்டால், "எனக்கு என்னங்க தெரியும், புத்தகம் இருக்கே, அதுல பாருங்க" என்று சொல்லிவிட்டு, மண்ணெண்ணெய்த் துணியைப் பிழியத் தொடங்கிவிடுவாள்.