முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு நாலு

யாங்கோன் நகரத்துத் தின்கன்ஜூனில் அந்தச் சந்துக்குள் வந்து சிலுவைமுத்து வீடு எது என்று கேட்டால் ஆட்கள் கொஞ்சம் யோசிப்பார்கள். கார் செய்கிறவர் வீடு என்று கேட்டால் தெருநாய்கூட எழுந்து வந்து காட்டிக் கொடுக்கும். ஏழு வருஷமாகச் செய்கிறார். பக்கத்துக் கொட்டகையில் அது எலும்பும் தோலுமாக நின்றபோது பிறந்த பிள்ளைகள் இப்போது பள்ளிக்கூடம் போகிறார்கள்.

அவருக்கு அலோன் துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் வேலை. ஜப்பானில் யாரோ ஓட்டி முடித்த கார்களைக் கப்பலிலிருந்து தூக்கிப் பூப்போலத் தரையில் வைப்பார். அன்றைய வேலை முடிந்ததும் லைன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வீட்டுக்கு வருவார். ஒரு மழைக்காலத்தில் பஸ் நெரிசலில் ஒரு செருப்பைத் தொலைத்துவிட்டு வந்த மனைவி இராஜகுமாரி, "ஊராரு காரையெல்லாம் எறக்கி வைக்கிற கை, நம்ம வாசல்ல ஒண்ண எறக்கி வைக்கப்படாதா?" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டாள். அரிசி தீர்ந்துவிட்டது என்று நாலு தரம் சொன்னாலும் காதில் வாங்காத மனிதர், இதை மட்டும் கல்வெட்டாகப் பதித்துக்கொண்டார்.

அந்த வாரமே ஒரு கிழட்டு ஜப்பான் பிக்கப் வீட்டுக்கு வந்தது. ஆட்களை ஏற்றி ஏற்றி முதுகு வளைந்துபோன வண்டி. அதன் எஞ்சின், கியர்ப்பெட்டி, அச்சுகள், சக்கரம், நம்பர் பிளேட் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு, மேலே புதிதாக ஒரு சின்ன உடம்பைப் பூட்டுவது திட்டம். இரண்டே இருக்கை. உடம்பை அலோன் ஆற்றங்கரையில் ஃபைபர் படகு செய்யும் யாசர் வார்த்துக் கொடுத்தான். பழக்கதோஷம் யாரை விட்டது? வந்து சேர்ந்த உடம்புக்கு முன்பக்கம் படகு மாதிரியே கூராக இருந்தது. "துடுப்பு எப்ப வரும்?" என்று இராஜகுமாரி கேட்டாள். சிலுவைமுத்து பதில் சொல்லவில்லை. மனைவியின் கேலிக்கெல்லாம் பதில் சொல்லிக்கொண்டிருந்தால் எந்த மனிதனும் ஒரு போல்ட்டைக்கூட முறுக்க முடியாது என்பது அவர் கொள்கை.

ஒரு விஷயத்தில் மட்டும் அவர் விட்டுக்கொடுக்கவில்லை. ஸ்டியரிங் இடப்பக்கம்தான் இருக்க வேண்டும் என்றார். இந்த ஊரில் வண்டிகள் சாலையின் வலப்பக்கம் ஓடுகின்றன. ஜப்பானிலிருந்து வரும் கார்களுக்கோ ஸ்டியரிங்கும் வலப்பக்கம். அதனால் பக்கத்தில் உட்கார்ந்து வரும் பெண்பிள்ளை, கதவைத் திறந்தால் நடுரோட்டில்தான் இறங்க வேண்டும். "எம் பொண்டாட்டி ஓரமாத்தான் எறங்கணும்," என்றார் சிலுவைமுத்து. அதைக் கேட்ட அன்று இராஜகுமாரி கேலி செய்யாமல் ஒரு நாள் முழுக்கச் சும்மா இருந்தாள்.

சும்மா இருந்திருக்கக் கூடாது. இடப்பக்கம் மிதிகட்டைகளுக்கு இடம் வேண்டுமென்று அவர் எஞ்சினைக் கொஞ்சம் வலப்பக்கம் தள்ளினார். எஞ்சின் தள்ளியதும், அதிலிருந்து பின்னால் போகும் தண்டும் வலப்பக்கம் போனது. ஆனால் அந்தத் தண்டு போய்ச் சேர வேண்டிய குண்டு, அதாவது பின்சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கரங்கள் இருக்கும் உருண்டைக் கூடு, அச்சின் இடப்பக்கம் இருந்தது. மூன்று வாரம் யோசித்தார். பிறகு அச்சு முழுவதையும் தோசையைத் திருப்புவதுபோலத் தலைகீழாகத் திருப்பிப் போட்டார். குண்டு அழகாக வலப்பக்கம் வந்துவிட்டது. எண்ணெய் ஊற்றும் துளை மட்டும் கீழே போய்விட்டதால் மேலே புதிதாக ஒன்று போட்டுக்கொண்டார். அந்தப் பழைய துளை அவருக்கு ஏதோ சொல்லப் பார்த்திருக்கிறது. அவர் அதற்கும் பதில் சொல்லவில்லை.

வேலை நடந்ததெல்லாம் கரண்ட் இருக்கும் நேரத்தில். யாங்கோனில் அது எப்போது வரும் என்பது கரண்டுக்கே தெரியாது. வந்ததும் தெரு முழுக்க "மீ லா பீ" என்று கத்துவார்கள். கரண்ட் வந்துடுச்சு என்று அர்த்தம். அந்தச் சத்தம் கேட்டதும் மற்ற வீடுகளில் தண்ணீர் மோட்டார் போடுவார்கள், சோறு வைப்பார்கள். சிலுவைமுத்து வெல்டிங் வைப்பார். அவர் வைத்தால் பக்கத்து வீட்டு மோட்டார் மூச்சு வாங்கும், விளக்குகள் கண்ணை மூடும். இராஜகுமாரியின் அரிசி அரைவேக்காட்டில் நிற்கும். "ஏங்க, காரத் திங்கவா, சோத்தத் திங்கவா?" என்று அவள் அடுக்களையிலிருந்து கேட்காத நாள் கிடையாது.

வீட்டுக்குள் அவள் அப்படி. வெளியே வேறு ஆள்.

ஆறு தாண்டிக் கியாக்தானில் அவளுடைய அக்கா ஆன்மேரி இருக்கிறாள். அத்தான் கிறிஸ்டோபருக்கு அங்கே மீன்வலைக் கடை, வாசலில் பளபளவென்று ஒரு வெள்ளைக் கார். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு கிறிஸ்மஸ் விருந்தில், வந்த சனம் எல்லாம் சுற்றி உட்கார்ந்திருக்க, அத்தான் சொன்னார்: "முத்துவோட காரு வர்றதுக்குள்ள கர்த்தரோட ரெண்டாம் வருகையே வந்துரும்." எல்லாரும் சிரித்தார்கள். சிலுவைமுத்துவும் சேர்ந்து சிரித்தார். இதே வார்த்தையை முந்தின வாரம்தான் இராஜகுமாரி அடுக்களையில் சொல்லியிருந்தாள். ஆனால் அடுத்தவர் வாயிலிருந்து கேட்டபோது அவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறிவிட்டது. "அத்தான், இனிமே இந்த ஊருக்கு வந்தா அந்தக் கார்லதான் வருவேன்," என்று இலையிலிருந்து எழுந்துவிட்டாள்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றவும் செய்தாள், படுபாவி. இரண்டு வருஷம் அக்கா வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அக்காதான் தின்கன்ஜூனுக்கு வந்து அழுதுவிட்டுப் போவாள்.

இப்போது ஆன்மேரியின் மகள் ஷைலாவுக்குப் பெண் குழந்தை பிறந்திருந்தது. ஷைலா போனில் கூப்பிட்டாள். "சின்னம்மா, நீங்கதான் பாப்பாவுக்கு ஞானத்தாய். வேற யாரும் கிடையாது. ஞாயித்துக்கிழம கியாக்தான் கோவில்ல பூசை முடிஞ்சதும் ஞானஸ்நானம்." பிள்ளை பெறாத இராஜகுமாரிக்கு, தலைத்தண்ணீர் ஊற்றும்போது ஒரு குழந்தையைக் கையில் ஏந்தி நிற்பது சாதாரணக் காரியம் இல்லை. போனை வைத்துவிட்டு அழுதாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கொட்டகைக்குப் போய், "ஞாயித்துக்கிழம ஓடுமா?" என்று கேட்டாள்.

"ஓடும்," என்றார்.

பிரேக் வேலை சனிக்கிழமை பொழுது சாயும்போதுதான் முடிந்தது. பிரேக் இல்லாத வண்டியை ஓட்டிப் பார்க்க அவருக்கே துணிச்சல் இல்லாததால், கார் அதுவரை இருந்த இடத்தைவிட்டு ஓர் அடி நகர்ந்ததில்லை.

ஞாயிறு காலையில் சந்தே கூடிவிட்டது. பக்கத்து வீட்டுப் பர்மியக் கிழவி டோ டின், புது வண்டிக்குக் கட்டும் தபியே தழையை இரண்டு பக்கமும் கட்டினாள். இராஜகுமாரி கண்ணாடியில் ஜெபமாலையைத் தொங்கவிட்டாள். எதிர்வீட்டு டாக்ஸிக்காரர் தேவராஜ் போனைத் தூக்கிப் படம் பிடிக்க நின்றார். பச்சைப் பட்டுப்புடவையில் இராஜகுமாரி வாசலில் நின்றாள். சிலுவைமுத்து ஏறி உட்கார்ந்து, சிலுவை அடையாளம் போட்டு, முதல் கியரைப் போட்டு, கிளட்சை மெல்ல விட்டார்.

கார் பின்னால் போனது.

மெல்லப் போகவில்லை. கொட்டகைக்குப் பின்னால் இருந்தது அடுக்களைச் சுவர். சுவரின் உட்பக்கத்துப் பலகையிலிருந்து பாத்திரங்கள் ஒவ்வொன்றாக இறங்கும் ஓசையைச் சந்து முழுவதும் நின்று கேட்டது. சிலுவைமுத்து அவசரமாக இரண்டாம் கியர் போட்டார். கார் இன்னும் ஆர்வமாகச் சுவரை முட்டியது.

எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி, வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது.

"அச்ச தலகீழாப் போட்டேன்ல, ராஜீ. சக்கரமும் தலகீழாச் சுத்துது. நாலு கியரும் பின்னாடி போகுது."

"அண்ணே, காரத் திருப்பி நிறுத்துங்க. பின்பக்கமாவே ஓட்டுனா நாலு கியர்ல பறக்கலாம்," என்றார் தேவராஜ். சந்து சிரித்தது. தேவராஜ் கெட்ட மனிதர் இல்லை. அடுத்த வார்த்தையே, "அக்கா, எம் டாக்ஸில ஏறுங்க. பூச முடியிறதுக்குள்ள கொண்டுபோய் விட்டுர்றேன்," என்று கதவைத் திறந்து பிடித்தார்.

அச்சைக் கழற்றித் திருப்ப இரண்டு நாள் ஆகும். குழந்தை அங்கே காத்திருக்கிறது. டாக்ஸியில் போனால் அத்தானிடம் ஒரு பேச்சு வாங்கிக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். இராஜகுமாரியின் ஒரு கால் டாக்ஸி பக்கம் நகரவே செய்தது.

அப்போது சிலுவைமுத்து சொன்னார். "போ ராஜீ. அத்தான் சொன்னது சரிதான். இது ஓடாது."

ஏழு வருஷத்தில் அந்த மனிதர் அப்படிச் சொன்னதே இல்லை. கையைச் சுட்டுக்கொண்டபோதும், எஞ்சினை மூன்று தரம் இறக்கி ஏற்றியபோதும் சொன்னதில்லை. இத்தனை நாள் தான் சொன்ன கேலியெல்லாம் அவர் ஒருநாளும் இப்படித் தலைகுனிய மாட்டார் என்ற தைரியத்தில் சொன்னது என்று இராஜகுமாரிக்கு அப்போதுதான் தெரிந்தது.

"முன்னாடி போற கியரு ஒண்ணாவது இருக்கா?"

"ரிவர்சப் போட்டா முன்னாடி போகும். மாட்டுவண்டி வேகந்தான்."

"அது போதும்," என்று இராஜகுமாரி புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தாள். "ஓட்டுங்க."

ரிவர்ஸ் கியர் நாலு அடி போவதற்காக உண்டான சாமான். அதில் கியாக்தான் வரை போவேன் என்றால் அது ஊளையிடாமல் என்ன செய்யும்? சந்தைத் தாண்டும்வரை நாய்கள் கூடவே ஓடி வந்தன, பிறகு அலுத்துப்போய் முந்திக்கொண்டு போய்விட்டன. பெரிய ரோட்டில் ஒரு சைக்கிள் ரிக்‌ஷா அவர்களைக் கடந்தது. அதில் உட்கார்ந்திருந்த கிழவர் கண்ணில் படும்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனார். சோதனைச் சாவடியில் நின்ற ஆள் காருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்து, "மாமா, வண்டிக்கு உடம்பு சரியில்லையா?" என்று பர்மியில் பரிவாக விசாரித்தான். கொதிக்கும் ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோதெல்லாம் இராஜகுமாரி இறங்கி விசிறினாள். காருக்கா, அவருக்கா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

ரயிலும் ஓடும் தன்லின் பாலத்தின் நடுவில் போன் அடித்தது. அக்கா.

"ராஜீ, பூச முடிஞ்சிருச்சு. எங்கடி இருக்க? அது என்ன சத்தம்?"

"பாலத்துல இருக்கேன்க்கா. ரயிலு போகுது." தண்டவாளத்தில் கண்ணுக்கெட்டிய தூரம் ஒரு ரயிலும் இல்லை. "சாமியாரக் கொஞ்சம் பிடிச்சு வையி."

ஆன்மேரி பிடித்து வைத்தாள். பாதிரியாருக்கு ஒரு தரம் மீன்குழம்பு ஊற்றிய மொஹிங்கா நூடுல்ஸ், ஒரு தரம் கேக், மூன்று தரம் தேநீர். இனிமேல் தண்ணீர்கூட இறங்காது என்று அவர் எழுந்து நின்ற நேரத்தில், கடைத்தெருப் பக்கமிருந்து அந்த ஊளை கேட்டது. கோவிலிலிருந்த சனமெல்லாம் வாசலுக்கு வந்தது. படகு மூக்கும், வாடிய தழையும், ஆவி பறக்கும் முன்பக்கமுமாக அது மெதுவாக, ரொம்ப மெதுவாக வந்து படிக்கட்டோரம் நின்றது.

கிறிஸ்டோபர் அத்தான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "வந்துருச்சே! ஆனா தின்கன்ஜூன்லருந்து வர்றதுக்கு அரை நாளா? என்ன முத்து, வண்டி ஓட மாட்டேங்குதா?"

சிலுவைமுத்து பொய் சொல்லத் தெரியாத மனிதர். உள்ளதைச் சொல்ல வாயைத் திறந்தார். "அது வந்துங்க அத்தான், பின் அச்ச நான்..."

"நாந்தான் மெதுவா ஓட்டச் சொன்னேன்," என்றாள் இராஜகுமாரி.

எல்லாரும் அவளைப் பார்த்தார்கள்.

"இருபத்தெட்டு வருஷமா இவருகூட பஸ்ஸுல போறேன். எனக்கு உள்ள எடம் பிடிச்சுக் குடுத்துட்டு இவரு வெளிய தொங்கிக்கிட்டு வருவாரு. பக்கத்துல உக்காந்து வந்தது இன்னைக்குத்தான். வேகமா வந்தா சட்டுனு முடிஞ்சு போயிரும்ல அத்தான்? அதான் மெதுவாப் போங்கன்னேன்."

ஆன்மேரி இரண்டு படி இறங்கி வந்து, குழந்தையைத் தங்கை கையில் கொடுத்தாள். சிலுவைமுத்து கிரீஸ் கையை எங்கே துடைப்பது என்று தெரியாமல் நின்றார்.

ஞானஸ்நானத் தொட்டியருகே பாதிரியார் பர்மியில் கேட்டார், சாத்தானையும் அவனுடைய எல்லாச் செய்கைகளையும் விட்டுவிடுகிறாயா என்று. குழந்தைக்காக ஞானத்தாய்தான் பதில் சொல்ல வேண்டும். காலையிலிருந்து சொன்ன பொய்கள் இராஜகுமாரிக்கு நினைவுக்கு வந்தன. சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத்தில் ரயிலைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்லிவிட வேண்டும். வாசலில் சொன்ன மற்றதை அவள் மனசுக்குள் ஒரு தரம் சொல்லிப் பார்த்தாள். அதில் எது பொய் என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"விட்டுவிடுகிறேன்," என்று கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னாள்.