சொந்தக்காரர் இல்லாத ஊர்

போன சனிக்கிழமை, நாங்கள் குடியிருக்கிற செயின்ட்-மிஷேலில் தமிழ்க் கடையொன்றில் முருங்கைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன். தெரிந்த ஒருவர் பிடித்துக்கொண்டார்.

"சிலிக்குப் போட்டு வந்தனீங்களாம். வல்பரைசோ எப்பிடி அண்ணை?"

"நல்ல சோஃபா" என்று சொல்லிவிட்டு வெண்டிக்காய்ப் பக்கம் நகர்ந்துவிட்டேன்.

உங்களிடமாவது விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன்.

யாழ்ப்பாணத்தார் நாங்கள் ஊர் சுற்றுகிற விதம் உங்களுக்குத் தெரியாதா? லண்டன் போனால் மச்சாள் வீடு. பாரிஸ் போனால் சித்தி வீடு. ஈபிள் கோபுரத்தை ஓடுகிற காருக்குள்ளிருந்து காட்டுவார்கள் — "அந்தா தெரியுது" — அவ்வளவுதான். மற்ற நேரமெல்லாம் சோஃபா, ஆல்பம், புட்டு. உலகம் சுற்றியவர்கள்தான் நாங்கள்... வரவேற்பறை வரவேற்பறையாக.

இந்த வருடம் என் மனைவி வதனி ஒரே போடாகப் போட்டாள்.

"எங்கடை ஆக்கள் ஒருத்தரும் இல்லாத ஊராப் பாருங்கோ. ஒருத்தற்றை வீட்டுக்கும் போறேல்லை. கலியாணம் கட்டி இவ்வளவு காலத்திலை உங்களோடை தனிய ஒரு தெருவிலை நான் நடந்து பார்க்கேல்லை."

சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. எனக்குச் சுருக்கென்றது. சத்தியம் செய்து கொடுத்தேன். தேடிப் பிடித்த ஊர்தான் வல்பரைசோ. சிலி நாட்டுத் துறைமுகம். முன்னால் பசிபிக் கடல், பின்னால் குன்றுகள், குன்று முழுக்க வண்ண வண்ண வீடுகள். எங்கே போவதென்றாலும் படிக்கட்டு. எங்கள் ஆள் எவன் அங்கே போய்க் குடியிருக்கப் போகிறான்?

முதல் நாள் சொர்க்கம். துறைமுகத்திலிருந்து மேலே ஏறினோம். ஒரு தெருநாய் கூப்பிடாமலே வழிகாட்டியாக வந்தது. சுவரெல்லாம் ஓவியம். ஏற முடியாதவர்களுக்கு மலைச்சரிவில் ஒரு பழைய லிஃப்ட் — மரப்பெட்டி ஒன்று தண்டவாளத்தில் முனகிக்கொண்டே ஏறும். அது குலுங்கியபோது வதனி என் கையைப் பிடித்தாள். இறங்கிய பிறகும் விடவில்லை. "ஊரிலை எவடம்?" என்று எங்களை ஒருவரும் கேட்கவில்லை.

அந்த இடத்திலேயே போனைக் கடலில் எறிந்திருக்க வேண்டும்.

செய்தேனா? ஹோட்டலுக்கு வந்ததும் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு படம் போட்டேன். ஒரே ஒரு படம். ஆட்கள் இல்லாத ஊருக்குப் போனதை ஆட்களுக்குக் காட்டாவிட்டால் போய் என்ன பிரயோசனம்?

நான் குளித்துவிட்டு வருவதற்குள் சித்தப்பா மகன் ரூபனின் பதில் வந்துவிட்டது. "அண்ணை, அங்கை எங்கடை தயாபரன் இருக்கிறான். சின்னம்மாவின்ரை பெறாமகள் முறையான சுகியின்ரை புருசன். துறைமுகத்திலை எஞ்சினியர். உங்கடை நம்பர் குடுத்திட்டன்."

அதை வாசித்து முடிக்கப் போன் அடித்தது. தயாபரன்தான்.

"அண்ணை, நான் இஞ்சை இருக்க நீங்கள் ஹோட்டலிலை நிக்கிறியளோ? நாளைக்கு மத்தியானச் சாப்பாடு எங்கடை வீட்டை."

மாட்டேன் என்று சொல்லலாம். சொன்னால் அந்தச் செய்தி செயின்ட்-மிஷேல் போய், டொரொண்டோ போய், யாழ்ப்பாணமும் போய்ச் சேரும். "ஓம்" என்றேன்.

வதனி சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "வெறுங்கையோடை போகேலாது" என்று மட்டும் சொன்னாள். ஒரு பை திராட்சை வாங்கினோம்.

மாடி வீடு. ஜன்னலுக்கு வெளியே பசிபிக் முழுவதும் கிடந்தது. வெளிச்சத்தில் டிவி தெரியாது என்று தயாபரன் திரைச்சீலையை இழுத்து மூடினார். அவர்களுடைய கலியாண வீடியோ ஓடத் தொடங்கியது. டொரொண்டோவில் நடந்த கலியாணம். ட்ரோன் வைத்து எடுத்ததாம். மண்டபத்தின் கூரையை நாலு பக்கமும் பார்த்தோம்.

திடீரென்று தயாபரன் ரிமோட்டை அழுத்தினார். "அண்ணை, உது நீங்களெல்லோ?"

நானேதான். மூன்றாவது வரிசையில், வாய் நிறைய வடையோடு. ரூபன் காரில் இடம் இருக்கிறதென்று கூப்பிட்டதற்காக, யாருடைய கலியாணம் என்றே தெரியாமல் போயிருக்கிறேன். இப்போது ஒரு கண்டத்தையே தாண்டி வந்து, நான் வடை சாப்பிடுவதை நானே பார்த்துக்கொண்டிருக்கிறேன். தயாபரனுக்கு ஆனந்தம். திரும்பவும் போட்டுக் காட்டினார்.

குசினியில் சமையலுக்கிடையே தயாபரனின் மனைவி சுகி வதனியிடம் மெதுவாகக் கேட்பது என் காதில் விழுந்தது. "அக்கா, நேற்று மேலை நடந்தே போனனீங்கள்? நான் வந்த நாளிலையிருந்து கார் கண்ணாடியாலைதான் பாக்கிறன். இவருக்கு நேரமில்லை. தனியப் போகவும் பயம்."

வதனியின் குரல். "சப்பாத்தைப் போடும். போவம்."

நான் பாதி எழுந்தேன். தயாபரன் தோளைப் பிடித்துச் சோஃபாவில் இருத்தினார். "இருங்கோ அண்ணை. இனித்தான் தாலி கட்டு."

கதவு சாத்துகிற சத்தம் கேட்டது. நான் தாலி கட்டைப் பார்த்தேன். தொடர்ந்து கேக் வெட்டுவதையும் பார்த்தேன்.

பொழுதுபட வந்தார்கள். தலை கலைந்து, முகம் சிவந்து, கையில் பேட்டிஸ் மாதிரிப் பெரிய பொரித்த பலகாரம் ஒன்றைக் கடித்த பாதியோடு. நேற்றைய நாய் இவர்களோடும் வந்ததாம். வதனியின் முகம் நேற்று அந்த லிஃப்டில் பார்த்த அதே முகம். எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பொறாமையாக இருந்தது.

மிச்ச நாட்களும் அப்படியே போயின. அவர்கள் இருவரும் குன்று குன்றாக நடந்தார்கள். என்னைக் கவனிப்பதற்கென்றே தயாபரன் லீவு போட்டார். காரில் ஏற்றிக்கொண்டு போய், "அந்தா தெரியுது" என்று எல்லாவற்றையும் காட்டினார்.

ஊர் திரும்பிய பிறகு, நேற்று வதனி போனில் சிரித்துச் சிரித்துக் கதைத்துக்கொண்டிருந்தாள். மறுமுனையில் சுகி. அடுத்த வருடம் திரும்பவும் போகிறாளாம். நடக்க இன்னும் குன்றுகள் மிச்சமிருக்கின்றனவாம்.

"நானும் வரட்டோ?" என்று கேட்டேன்.

"அங்கை எனக்கு ஆள் இருக்கு," என்றாள். "நீங்கள் ஆக்கள் இல்லாத ஊராப் பாத்துப் போங்கோ."