நான் இரண்டு தடவை தோற்ற தாள்

2001-ஆம் வருடம் ஜூலை மாதம், தபாலில் வந்த மார்க் ஷீட்டைக் கையில் வைத்துக்கொண்டு, போலீஸ் குடியிருப்பின் படியில் யூனிஃபார்மோடு உட்கார்ந்து அழுதவன் நான். மேடையேறிப் பேச எனக்கு வராது. அதனால் சபையாருக்கு இதை எழுதியே கொடுக்கிறேன். எழுத்து எனக்குக் கைவந்த வேலை. என்னைக் கெடுத்ததும் அந்தக் கையெழுத்துதான்.

ஆம்பூர் பக்கத்து ஸ்டேஷன் ஒன்றில் அப்போது காவலராக இருந்தேன். கையெழுத்து முத்து முத்தாக இருக்கும் என்பதால் என்னை ஸ்டேஷன் பதிவேடுகளை எழுதுகிற ரைட்டருக்கு உதவியாக உட்கார வைத்துவிட்டார்கள். வேலை பார்த்துக்கொண்டே தபால் வழியில் காவல் நிர்வாகம் பி.ஏ. படித்தேன். பட்டம் கையில் இருந்தால் துறை ஒதுக்கீட்டில் எஸ்.ஐ. தேர்வு எழுதலாம். எனக்கு வயது வரம்பு முடிய ஒரு வருடம்கூட இல்லை. மற்ற எல்லாத் தாளிலும் தேறிவிட்டேன். ஒரே ஒரு தாள் மட்டும் இரண்டாவது தடவையும் காலை வாரிவிட்டது. எந்தத் தாள் என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஆங்கிலம் இல்லை, சரித்திரம் இல்லை. புலன்விசாரணை. பத்து வருடத்துக்கு மேல் சம்பளம் வாங்கிக்கொண்டு நான் செய்த வேலை.

ஸ்டேஷனில் சும்மா விடுவார்களா? "இன்னாபா ஜான்சன், போலீஸ் பரீட்சையில போலீஸே ஃபெயிலா?" என்று ஆளுக்கு ஆள் கேட்டார்கள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்து என் மனைவி லில்லியிடம் எரிந்து விழுந்தேன். எத்தனை தடவை ஜெபித்தேன், ஆண்டவர் காது கொடுக்கவில்லையே என்று மனம் கசந்து, இரண்டு ஞாயிறு ஆராதனைக்கே போகவில்லை.

ஏன் தோற்றேன் என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. இரண்டு தடவையும் மகஜர் பற்றிய கேள்வி வந்தது. ஒரு பொருளை எங்கே, எப்போது, யாரிடமிருந்து கைப்பற்றினோம் என்று எழுதி, பொதுமக்களில் இரண்டு பேரிடம் சாட்சிக் கையெழுத்து வாங்குகிற தாள்தான் மகஜர். அதை எப்படித் தயாரிப்பது என்று கேட்டிருந்தார்கள். நான் தினமும் செய்வதை அப்படியே எழுதினேன். முதலில் சாட்சிகளிடம் வெள்ளைத் தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களை அனுப்பிவிட வேண்டும், விவரத்தை ஸ்டேஷனில் நிதானமாக எழுதிக்கொள்ளலாம் என்று எழுதினேன். சாட்சிகளுக்கு வீண் அலைச்சல் இல்லை என்று ஒரு நன்மையையும் சேர்த்திருந்தேன். திருத்தினவர் என்ன பாடுபட்டாரோ.

மூன்றாவது தடவை எழுத டிசம்பருக்குப் பணம் கட்டினேன். இதற்கிடையில் ஆகஸ்டில் ஒரு வழக்கு வந்தது. தோல் ஷெட் ஒன்றில் பதம் செய்து வைத்திருந்த தோல் கட்டுகள் நான்கு காணாமல் போயின. அங்கே வேலை செய்த ரஹீம் என்பவருக்கும் சூப்பர்வைசருக்கும் ஏற்கெனவே வாய்த்தகராறு. சூப்பர்வைசர் ரஹீமின் பெயரைச் சொன்னார். கட்டுகள் கிடைத்தது ஷெட்டுக்குப் பின்னால் இருந்த முள்புதரில். ஆனால் எங்கள் இன்ஸ்பெக்டர், ரஹீம் வீட்டில் கைப்பற்றியதாக எழுதச் சொன்னார். டீக்கடையில் இரண்டு பேரிடம் வாங்கிய வெற்றுக் கையெழுத்து மேஜையில் தயாராக இருந்தது. நான் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவே இல்லை. வெள்ளிக்கிழமை பகல் ஒன்றேகால் மணி என்று எழுதினேன். அந்த நேரத்தில்தான் எனக்குச் சாப்பாடு வந்திருந்தது, அதுதான் கையில் வந்துவிட்டது. ரஹீமை வேலூர் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். நான் கையைக் கழுவிக்கொண்டு சாப்பிட்டேன்.

செப்டம்பரில் ஒரு விடியற்காலை பாடப் புத்தகத்தைத் திறந்தேன். மகஜரைச் சம்பவ இடத்திலேயே எழுத வேண்டும், சாட்சிகள் கண்ணால் பார்த்ததை மட்டுமே எழுத வேண்டும், படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று இருந்தது. இதற்கு முன்பும் படித்த பக்கம்தான். அன்றைக்குத்தான் உள்ளே இறங்கியது. புத்தகத்தை மூடிவிட்டு முழங்காலில் நின்றேன். இந்தத் தாளில் என்னைத் தேற வையும் என்று ஆரம்பித்தேன். அதற்குமேல் வார்த்தை வரவில்லை. வெள்ளிக்கிழமை ஒன்றேகால் மணி என்ற என் கையெழுத்துதான் கண்ணுக்கு முன்னால் நின்றது. அன்றிலிருந்து எப்போது ஜெபிக்கப் போனாலும் அதே கதை.

அக்டோபரில் ரஹீமின் மனைவி ஷம்ஷாத் ஸ்டேஷனுக்கு வந்தார். கோர்ட்டில் கொடுத்த நகலை யாரிடமோ படிக்கச் சொல்லிக் கேட்டிருக்கிறார். சத்தம் போடவில்லை. என் மேஜைக்கு முன்னால் நின்று மெதுவாகத்தான் பேசினார்.

"சார், வெள்ளிக்கிழமை ஷெட்டுக்கெல்லாம் லீவு. ஒண்ணேகாலுக்கு எங்க தெருவுல ஆம்பளைங்க யாரும் இருக்க மாட்டாங்க, எல்லாம் ஜும்மாவுக்குப் போய்டுவாங்க. இதுல சாட்சின்னு போட்டிருக்கிற ரெண்டு பேரும் எங்க வீட்டுக்காரரோட ஒரே வரிசையில தொழுதுகினு இருந்தாங்க சார். கேட்டா, போலீஸ் பேஜாரு எங்களுக்கு வேணாம்மான்றாங்க. இத எழுதுனவர் யாருன்னு சொல்லுங்க சார், அவரக் கேட்டுக்கறேன்."

எழுதினவனுக்கு முன்னால்தான் அவர் நின்றுகொண்டிருந்தார். "இன்ஸ்பெக்டர் வரட்டும்மா" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். ஆம்பூரில் இத்தனை வருடம் இருந்தும் வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் ஊர் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். கை எழுதியது, மூளை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. பிரியமானவர்களே, அன்று என்னை நானே வெறுத்தேன்.

நவம்பர் கடைசியில் சம்மன் வந்தது. மகஜர் எழுதியவன் என்ற முறையில் நான் சாட்சி சொல்ல வேண்டும். தேதியைப் பார்த்தேன். காட்பாடியில் என் பரீட்சை நடக்கிற அதே புதன்கிழமை, அதே காலை. மேலே பார்த்து, "இதுதானா உம்முடைய பதில்?" என்று கோபமாகவே கேட்டேன்.

இன்ஸ்பெக்டர் நல்ல மனநிலையில் இருந்தார். "இன்னா ஜான்சன், இதுக்குப் போய் மூஞ்சிய தொங்கப் போட்டுகினு? நீ பரீட்சைக்குப் போ. ஆள் வரலன்னு சொல்லி வாய்தா வாங்கிக்கலாம். அவன் உள்ளதான இருக்கான், எங்க ஓடப் போறான்?" என்றார்.

பரீட்சைக்காக மூன்று மாதமாக நான் கேட்டுக்கொண்டிருந்த லீவு இப்படிக் கிடைத்தது. ஒரு நிமிடம் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, அதை உங்களிடம் மறைக்க மாட்டேன். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் லில்லியிடம் சொன்னேன். உண்மையைச் சொன்னால் வேலையே போகலாம், என் மேலேயே வழக்கு வரலாம் என்றும் சொன்னேன். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"எனக்கும் பயமாத்தான் இருக்குதுங்க" என்றாள். "ஆனா எழுதுனது நீங்கதான? வீட்டுக்காரரு வெளிய வர்ற வரைக்கும் அந்தம்மா இன்னும் எத்தன வெள்ளிக்கிழமை பாக்கணும்?"

புதன்கிழமை காலை ஹால் டிக்கெட்டை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டே கோர்ட்டுக்குப் போனேன். ஏன் எடுத்துப் போனேன் என்று தெரியவில்லை. வெளியே வேப்பமரத்தடியில் நின்று ஒரே ஜெபம் செய்தேன். ஆண்டவரே, டிகிரி வேண்டாம், என் வாய் மட்டும் அடைத்துப் போகாமல் இருக்கட்டும் என்றேன். அவ்வளவுதான். வேறு எதையும் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை.

கூண்டில் ஏறினபோது பத்தரை மணி. காட்பாடியில் கேள்வித்தாள் கொடுத்திருப்பார்கள். அரசு வக்கீல் தாளைக் காட்டி, இது உங்கள் கையெழுத்தா என்றார். ஆமாம் என்றேன். சம்பவ இடத்தில் எழுதியதா என்றார். நாக்கு ஒட்டிக்கொண்டது. எதிரே ரஹீம் நின்றார், நான்கு மாதத்தில் ஆளே பாதியாகியிருந்தார். எங்கிருந்து வந்ததோ குரல். "இல்லை ஐயா. ஸ்டேஷனில் உட்கார்ந்து எழுதினேன். சாட்சிகள் அங்கே இல்லை. நானும் அந்த வீட்டைப் பார்த்ததில்லை."

மாஜிஸ்திரேட் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "மகஜர் எப்படித் தயாரிக்கணும்னு உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார்.

நம்புங்கள், வார்த்தை பிசகாமல் நான் இரண்டு தடவை தோற்ற அதே கேள்வி. காட்பாடியில் எழுத வேண்டிய நேரத்தில் ஆம்பூரில் என்னிடம் கேட்கப்பட்டது. சம்பவ இடத்தில், சாட்சிகள் முன்னால், கண்டதை மட்டும், படித்துக் காட்டிய பிறகு கையெழுத்து என்று ஒவ்வொன்றாகச் சொன்னேன். சொல்லச் சொல்ல அழுதுவிட்டேன். யூனிஃபார்மில் நான் அழுதது அது இரண்டாவது தடவை. அந்த மாதமே ரஹீம் விடுதலையானார்.

எனக்கு மெமோ வந்தது. அரக்கோணத்துக்கு மாற்றினார்கள். துறை விசாரணையில் ஒரு உயர் அதிகாரி, "இவ்வளவு நாள் இல்லாம இப்ப ஏன் சொன்னீங்க?" என்று கேட்டார். "பாடத்தில் படித்தேன் ஐயா" என்றேன். அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு கோப்பை மூடினார். வேலை போகும் என்று நாங்கள் நடுங்கிக்கொண்டிருந்தோம். இரண்டு வருட இன்கிரிமெண்ட் மட்டும் நிறுத்தப்பட்டது. லில்லியும் நானும் அன்று சேர்ந்து முழங்காலில் நின்றோம். வெகு நாளைக்குப் பிறகு அந்த ஒன்றேகால் மணி என் கண்ணில் வரவில்லை.

அடுத்த மே மாதம் அந்தத் தாளில் தேறினேன். ஆனால் வயது தாண்டிவிட்டது. நான் எஸ்.ஐ. ஆகவில்லை, ஆகவும் மாட்டேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை என்று சொன்னால் பொய். பொய் எழுதுவதைத்தான் நிறுத்திவிட்டேன். இப்போது ஏட்டாக இருக்கிறேன். வெயிலோ மழையோ, அட்டையை மடியில் வைத்துத் தரையில் உட்கார்ந்து அங்கேயே எழுதுவேன். சின்னப் பையன்களாக வருகிற காவலர்கள் கேலி செய்கிறார்கள். செய்யட்டும்.

போன வருடம் மறுபடி ஆம்பூர் பக்கமே மாறி வந்தேன். ஒரு கடையில் பூட்டை உடைத்த வழக்கு. மகஜருக்குச் சாட்சி வேண்டும் என்றதும், வழக்கம் போலக் கூட்டம் கரைந்தது. யார் யாரையோ கெஞ்சிப் பார்த்தேன். பின்னாலிருந்து ஒருவர் முன்னால் வந்தார். தாடி நரைத்திருந்தது, ஆனாலும் முகம் தெரிந்தது. ரஹீம்.

"நான் போடுறேன் சார். நீங்க எழுதி முடிங்க, நின்னுகினே இருக்கறேன்" என்றார்.

ஒரு மணி நேரம் நின்றார். எழுதி முடித்துப் படித்துக் காட்டப் போனேன். கையை நீட்டித் தாளை வாங்கிக்கொண்டார். எழுத்துக் கூட்டி, விரலை வைத்து, கடைசி வரி வரை அவரே படித்தார். நேரத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

இதைவிடப் பெரிய பட்டம் எனக்கு வேண்டாம். உங்களில் யாராவது ஒரே ஜெபத்தைத் திரும்பத் திரும்பச் செய்து களைத்திருந்தால், அந்த ஜெபத்துக்கு நடுவில் வந்து நிற்கிற முகம் யாருடையது என்று கொஞ்சம் பாருங்கள். பயமாகத்தான் இருக்கும். போய் நில்லுங்கள். எனக்கு வாயைத் திறந்துவிட்டவர் உங்களையும் கைவிடமாட்டார். அவருக்கே நன்றி.