நெசமாவே வெல்லம்தானா?

போன வருஷம் பங்குனியில், மயிலாப்பூர் அறுபத்து மூவர் திருவிழா அன்று நடந்தது இது. தெற்கு மாட வீதியில் இருக்கும் என் தோழி வீட்டில் மதியச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்டிருந்தார்கள். சாப்பிட்டுவிட்டு அவர்கள் மொட்டை மாடியில் நின்று சாமி பார்ப்பதாக ஏற்பாடு. எங்கள் வீடு மந்தைவெளியில். நடந்தால் கால் மணி நேரம்.

என் கணவருக்குப் பல வருஷமாகச் சர்க்கரை. சாப்பாட்டுக்குக் கால் மணி நேரம் முன்னால் இன்சுலின் ஊசி போட்டுக்கொள்வார். அடுத்தவர் வீட்டில் சட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்க மனுஷருக்குக் கூச்சம். அதனால் வீட்டிலேயே போட்டுக்கொண்டு கிளம்பினோம். ஊசிக்குக் கால் மணி, நடைக்குக் கால் மணி, போனதும் இலையில் உட்கார வேண்டியதுதான். கணக்குப் போட்டது நான். பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்துகிறவள், எனக்கா தெரியாது?

கூட்டத்துக்கு என் கணக்கு தெரியவில்லை. மாட வீதி முனையில் வசமாக மாட்டிக்கொண்டோம். முன்னாலும் நகர முடியவில்லை, பின்னாலும் திரும்ப முடியவில்லை, முக்கால் மணி நேரம் ஓடிவிட்டது. நல்ல வெயில். அவர் சட்டை தெப்பமாக நனைந்திருந்தது. எல்லாருக்கும்தான் வேர்க்கிறது என்று முதலில் விட்டுவிட்டேன். பிறகு அவர் கையைப் பிடித்தபோது ஐஸ் மாதிரி சில்லென்று இருந்தது, விரல்கள் நடுங்கின. சர்க்கரை இறங்குகிறது என்று உடனே புரிந்துவிட்டது.

பயப்படவில்லை. அறுபத்து மூவர் அன்று மயிலாப்பூரில் இனிப்புக்கா பஞ்சம்? அடிக்கு ஒரு பந்தல் போட்டு எதையாவது கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். எங்களை ஒட்டியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்புக்காரர்கள் எலுமிச்சை ஜூஸ் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ருசி பார்த்தேன், நல்ல தித்திப்பு. அவருக்கு இரண்டு டம்ளர் குடிக்கக் கொடுத்துவிட்டு, இனி தெளிந்துவிடும் என்று நிம்மதியாக நின்றேன்.

தெளியவில்லை. கண் எங்கேயோ பார்த்தது, பேச்சு குழறியது. எதற்கெடுத்தாலும் "சரிம்மா" என்று சொல்கிற மனுஷர், என் கையை வெடுக்கென்று உதறினார். "விடு. யார் நீ?" என்றார்.

அப்போதுதான் எனக்குப் பயம் வந்தது. நம் மூளைக்குள், அடிப்பக்கமாக, ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று ஓயாமல் கவனித்துக்கொண்டிருக்கும் செல்கள் உண்டு. குறைந்தால் வேர்க்க வைக்கும், நடுங்க வைக்கும், சேர்த்து வைத்ததை எடுத்துக் கொடு என்று கல்லீரலுக்கு ஆள் அனுப்பும். ஆனால் உள்ளே போன ஊசி மருந்து அதையெல்லாம் கேட்காது, தன் வேலையைப் பார்த்துக்கொண்டே இருக்கும். மூளைக்கே சாப்பாடு இல்லாமல் போனால் மனுஷன் தடுமாறிப்போவான். வகுப்பில் படம் போட்டு நடத்துகிற பாடம், என் எதிரில் சட்டை நனைந்து நின்றுகொண்டிருந்தது.

இவ்வளவு தித்திப்பு உள்ளே போயும் ஏன் ஏறவில்லை? சட்டென்று சந்தேகம் வந்து, பந்தலில் இருந்தவரிடம் எவ்வளவு சர்க்கரை போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் முகமெல்லாம் சிரிப்பு. "கவலையே படாதீங்க மேடம். ஒரு சிட்டிகை சர்க்கரை கிடையாது. எங்க ஃப்ளாட்ல முக்கால்வாசிப் பேருக்கு சுகர். எல்லாரும் குடிக்கணும்னு சுகர்ஃப்ரீ போட்டுப் பண்ணது."

பாவம், நல்ல மனசு. நாக்கை ஏமாற்றலாம். மூளை தித்திப்பைப் பார்ப்பதில்லை, ரத்தத்தில் வந்து சேர்வதைத்தான் பார்க்கிறது.

"சுகர் இறங்கிடுச்சு, யார்கிட்டயாவது நிஜச் சர்க்கரை இருக்கா?" என்று பலமாகக் கத்தினேன். பக்கத்தில் இடுப்பில் குழந்தையோடு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தார். "இன்னாக்கா, அண்ணனுக்கு மயக்கமா கீதா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திருக்கவில்லை. வீதியின் எதிர்ப்பக்கம் ஆட்டோக்காரர்கள் பானகம் ஊற்றிக்கொண்டிருந்ததைப் பார்த்து, "யோவ், அது வெல்லம் போட்டதா?" என்று குரல் கொடுத்தார். அவர் குரல் பாதி வழிகூடப் போயிருக்காது. நடுவில் நின்றவர்கள் வாங்கிக்கொண்டார்கள். "வெல்லமான்னு கேக்குறாங்க", "நெசமாவே வெல்லம்தானா?", "சுகர்ஃப்ரீ மாத்திரை போட்டது வேணாமாம்" என்று வரிசையாகப் போனது. "வெல்லந்தான், வெல்லந்தான்" என்று அதே வழியில் பதில் வந்தது. அதன் பின்னாலேயே ஒரு பேப்பர் டம்ளர், தலைக்கு மேல் கை மாறிக் கை மாறி வந்தது. என்னிடம் சேரும்போது பாதிதான் மிச்சம்.

அவரோ வாயை இறுக மூடிக்கொண்டார். பல வருஷமாகத் தித்திப்பு வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிப் பழகிய மனுஷர், அந்த நிலையிலும் தலையை ஆட்டினார். நான் கெஞ்சினேன், அதட்டினேன். ஒன்றும் நடக்கவில்லை. அந்தப் பெண்தான் டம்ளரை வாங்கி, "நைனா, சாமி பிரசாதம் நைனா, வேணாம்னு சொல்லக் கூடாது" என்றார். பிரசாதம் என்ற சொல் எந்த மூலையில் போய்த் தட்டியதோ, கையைக் குவித்து நீட்டினார். டம்ளரையே அந்தக் கையில் வைத்தோம், குடித்தார். அதற்குள் இன்னும் இரண்டு டம்ளர் வந்து சேர்ந்திருந்தன.

கொஞ்ச நேரத்தில் கை சூடானது. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "ஏம்மா அழறே?" என்று கேட்டார். அழுதுகொண்டிருந்தது எனக்கே அப்போதுதான் தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் அந்தப் பெண்ணைக் கூட்டம் முன்னால் தள்ளிக்கொண்டு போயிருந்தது. நன்றிகூடச் சொல்ல முடியவில்லை.

நடுவில் நடந்தது எதுவும் அவருக்கு ஞாபகம் இல்லை. என்னைப் பார்த்து யார் நீ என்று கேட்டதை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை, சொல்லப்போவதும் இல்லை. கேட்டது அவர் அல்ல, பட்டினி கிடந்த மூளை என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும் வலிக்கிறது, அந்த வலிதான் கைப்பையில் வெல்லக்கட்டி இல்லாமல் என்னை வாசல் தாண்ட விடுவதில்லை.