சீனியை வெட்டுகிற இரண்டு கைகள்

அம்மாவுக்கு ஒரு பக்கம் இழுத்துவிட்டது என்று தந்தி வந்தபோது, நான் வெளிநாட்டு ஆய்வுகூடமொன்றில் ஒரு நொதியத்தின் பளிங்குகளை வளர்த்துக்கொண்டிருந்தேன். பற்றீரியாவின் நொதியம், சீனியை இரண்டாக வெட்டுவது. பனையில் கட்டும் முட்டிக்குச் சுண்ணாம்பு பூசாவிட்டால் அதில் இறங்கும் கருப்பநீர் மத்தியானத்துக்குள் புளித்துப்போகுமே, அந்த வேலையில் பங்குள்ள இனம். ஆறு மாதத்தில் திரும்புவதாகச் சொல்லிவிட்டு சொந்த ஊரான உடுப்பிட்டிக்கு வந்தவள், மூன்று வருடமாகப் பள்ளிக்கூடத்தில் இரசாயனம் படிப்பித்துக்கொண்டிருந்தேன்.

வெளிநாட்டில் இருப்பவர்கள் ஊரை நினைத்து உருகுவார்கள். எனக்கு எல்லாம் தலைகீழ். ஊரில் இருந்துகொண்டு, குளிரறையில் கண்ணாடிக் குழாய்க்குள் கிடந்த உப்புக்கல் அளவுப் பளிங்குகளை நினைத்து ஏங்கினேன். எந்த மனிதருக்காகவும் அப்படி ஏங்கியதில்லை.

கூட வேலை செய்த தோழி கடிதம் போட்டிருந்தாள். நொதியத்தின் அமைப்பு தெரிந்துவிட்டதாம். என் இடத்தை இனியும் வைத்திருக்க முடியாது, இந்த மாதத்துக்குள் பதில் வேண்டும் என்றாராம் பேராசிரியர். கீழே பேனையால் ஒரு படம். பேராசிரியரின் பகுதியை விட்டுவிட்டு, கட்டிலில் கிடந்த அம்மாவுக்குக் கடிதத்தை வாசித்தேன்.

"உதென்ன படம், பிள்ளை?"

நொதியத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது, சீனி அதற்குள் வந்து கிடக்கும் என்றேன். பள்ளத்தின் இரு பக்கமும் இரண்டு அமிலக் கைகள். ஒன்று சீனியின் பொருத்துக்கு ஒரு ஐதரசனைக் கொடுக்கும். மற்றது ஒரு பாதியைப் பிடிக்கும். மறுபாதி கழன்று போகும். பிறகு தண்ணீர் வந்து பிடிபட்ட பாதியையும் விடுவிக்கும். நொதியம் பழையபடி நிற்கும். அந்தக் கை சீனியைப் பற்றிப் பிடிக்கும் என்று நான் அங்கே சொன்னபோது ஒருவரும் நம்பவில்லை; இப்போது படம் அதையே காட்டியது. அந்தப் பெருமையில் என் வாய் ஓயவில்லை.

"ஒரு கை ஏலாமப் போனா?"

"வெட்டாது, அம்மா. சீனியைப் பிடிச்சு வைச்சுக்கொண்டு சும்மா நிக்கும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது. அம்மாவின் இடக்கை போர்வைமேல் அசைவில்லாமல் கிடந்தது. வலக்கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. நான் பக்கத்தில் இருந்தால் எப்போதும் அப்படித்தான். அம்மா அந்தக் கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

"உன்னை வரச்சொல்லி எழுதியிருக்கினமோ?"

நான் கடிதத்தை மடித்தேன்.

"நீ அங்கை போட்டு வா, பிள்ளை. நான் சமாளிப்பன்."

போக வேண்டும் என்று உடம்பெல்லாம் கேட்டது. ஆனாலும் வரமாட்டேன் என்று எழுதிப் போட்டேன். அதற்குப் பிறகு அம்மா உயிரோடு இருந்த நான்கு வருடமும், பக்கத்தில் எவ்வளவு நேரம் இருந்தாலும், என் கையை அவர் பிடிக்கவேயில்லை.