திட்டிக்கொண்டே வைத்த மீன் துண்டு

தொண்ணூறுகளின் கடைசி. கார் தொழிற்சாலை வேலைக்காகக் கொரியாக்காரர்கள் சென்னைக்குக் குடிவரத் தொடங்கிய நேரம். அடையாறில் அப்படி ஒரு இன்ஜினீயர் வீட்டில் நான் வாட்ச்மேன். எட்டாவதோடு படிப்பை விட்டவன். லாரி கிளீனர், கல்யாணச் சமையலில் எடுபிடி, கொஞ்ச நாள் பம்பாய் என்று சுற்றிவிட்டு வந்திருந்தேன். சோறும் கார் ஷெட்டில் படுக்க இடமும் கிடைத்ததால் அங்கே ஒட்டிக்கொண்டேன்.

இன்ஜினீயர் விடியும் முன் கிளம்பினால் இருட்டித்தான் வருவார். அவர் மனைவியை மேடம் என்போம். பகலெல்லாம் தனியாக உட்கார்ந்து, ஊரிலிருந்து வந்த வீடியோ கேசட்டுகளைப் போட்டுப் பார்ப்பார். மழை பெய்தால் என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைப்பார். பாஷை ஒரு வார்த்தை புரியாது. ஆனாலும் ஒரு தொடரின் கதை எனக்கு அத்துப்படி என்றுதான் நினைத்திருந்தேன்.

ஒருநாள் மயிலாப்பூரிலிருந்து ஒரு கல்லூரி மாணவி சைக்கிளில் வந்து கேட்டில் நின்றாள். கொரியத் தொடர்களைப் பக்கத்து நாடுகளில் விரும்பிப் பார்க்க ஆரம்பித்திருக்கிறார்களாம். நம் ஜனங்களுக்கும் பிடிக்குமா என்று ஆராய்ச்சிக் கட்டுரை எழுத ஆசை. பேராசிரியரோ, இங்கே பார்க்கிறவர்களைக் காட்டு, இல்லாவிட்டால் தலைப்பை மாற்று என்று வெள்ளிக்கிழமை வரை கெடு வைத்திருந்தார். தெருத்தெருவாக அலைந்து அவள் முகம் வாடியிருந்தது.

"நான் பாத்திருக்கேனே" என்றேன்.

"நீங்க ஒருத்தர் போறாதே அண்ணா. அஞ்சாறு பேராவது வேணும்."

நாலு பேரைக் கூட்டிவந்து இங்கே தொடர் பார்க்கலாமா என்று மேடத்திடம் ஆங்கிலத்தில் கேட்டாள். அவர் உடனே சரி என்றுவிட்டார். மறுநாள் மத்தியானம் இஸ்திரி வண்டி அக்கா, மீன்கார அம்மா, எதிர்வீட்டில் வேலை செய்யும் இரண்டு பெண்கள், ஒரு ஆட்டோக்காரர் என்று ஆள் சேர்த்துவிட்டேன். மீன் கூடை கேட்டுக்கு வெளியே ஈரச்சாக்கு போர்த்திக்கொண்டு காத்திருந்தது. சோபாவில் உட்காரத் தயங்கி எல்லோரும் சுவரோரம் நின்றார்கள். மேடம் தானே தரையில் உட்கார்ந்தார். பிறகு நாங்களும் உட்கார்ந்தோம். மாணவி டேப் ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

கதை சொல்லும் பொறுப்பு என்னுடையது. இவள் மருமகள், அந்தக் கிழவி மாமியார்க்காரி என்று எடுத்துக் கொடுத்தேன். கிழவி அந்தப் பெண்ணை நின்றால் திட்டினாள், உட்கார்ந்தால் திட்டினாள். சாப்பிடும்போதும் விடவில்லை.

"துன்ற சோத்துல கண்ணு வெக்கிறா பாரு, பேமானி!" என்றார் இஸ்திரி அக்கா.

கிழவி திட்டிக்கொண்டே தன் தட்டிலிருந்த மீன் துண்டை எடுத்து அந்தப் பெண்ணின் சோற்றில் வைத்தாள்.

"மீந்துபோனத அது தலையில கட்டுறாடி" என்றார் மீன்கார அம்மா.

"எம் மாமியா கொரியாவுலயும் கீதா நைனா?" என்று ஆட்டோக்காரர் என்னைக் கேட்க, ஒரே சிரிப்பு.

மாணவிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. மேடத்தின் முகம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தது. சட்டென்று எழுந்து டிவியை நிறுத்திவிட்டார்.

மாணவியின் கட்டுரையும் போச்சு, என் வேலையும் போச்சு என்று நினைத்தேன். மேடம் தட்டுத்தடுமாறி ஆங்கிலத்தில் அவளிடம் ஏதோ சொன்னார். அவள் எங்கள் பக்கம் திரும்பினாள்.

"மாமியார் இல்லையாம். பெத்த அம்மாவாம். புருஷன் போனப்புறம் ஒண்டியா நின்னு பொண்ண வளத்தவளாம்."

அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் கேசட் பெட்டியைப் பார்த்தேன்.

"பெத்தவளா? அத மொதல்லயே சொல்றதுக்கு இன்னா நைனா உனுக்கு?" என்று என்னை ஒரு பிடி பிடித்தார் இஸ்திரி அக்கா. "பெத்தவன்னா திட்டத்தான் திட்டுவா. மொதல்லேர்ந்து போடச் சொல்லும்மா."

மேடம் திரும்பப் போட்டார். அதே படம், அதே திட்டு. இந்த முறை யாரும் வாய் திறக்கவில்லை. மீன் துண்டு வந்த இடத்தில் மீன்கார அம்மா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "தனுக்குன்னு வெச்சிக்காம போடுது பாரு" என்றார். அவர் சொன்னதை மாணவி மேடத்துக்குச் சொன்னாள். மேடம் எழுந்துபோய் எல்லோருக்கும் காபி கலந்து, ஒவ்வொருவரிடமும் இரண்டு கையாலும் நீட்டினார்.

பேராசிரியர் அந்த டேப்பைக் கேட்டுவிட்டு, இதையே எழுது என்று சொல்லிவிட்டாராம். அதைச் சொல்லவே மாணவி மறுபடி சைக்கிளில் வந்தாள். அதற்குப் பிறகு மத்தியானங்களில் தொடர் பார்க்க வந்த இஸ்திரி அக்கா கூட்டத்துக்கு நான் கேட்டைத் திறக்க வேண்டியிருக்கவில்லை. மேடமே வந்து திறந்தார்.

பிறகும் பல ஊர் சுற்றினேன். எங்கேயாவது ஒருவர் இன்னொருவரைத் திட்டுவது காதில் விழுந்தால், திட்டுகிறவரின் கை என்ன செய்கிறது என்றுதான் இன்றும் முதலில் பார்க்கிறேன்.