அந்தோணி மகளின் மூச்சு

குழந்தைகளின் தொண்டைக்குள் எட்டிப் பார்த்துச் சம்பளம் வாங்குகிற டாக்டர் நான். குழந்தையின் வாயைத் திறப்பது லேசு, கூட வந்தவர்களின் வாயை மூடுவதுதான் பெரும்பாடு. ஈப்போவில் ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்து நொந்திருக்கிற உங்களுக்கு இது புரியும்.

கீச்சு

ஆயர் தாவாரிலிருந்து அந்தோணி வந்தார். செம்பனைக் குலை ஏற்றும் லோரியின் ஓட்டுநர். கையில் இரண்டு மாதப் பெண் குழந்தை. மூச்சை இழுக்கும்போதெல்லாம் கீச்சென்று சத்தமாம். சளி என்று இரண்டு கிளினிக்கில் மருந்து கொடுத்தும் குறையவில்லையாம். என் முன்னால் மட்டும் குழந்தை சமர்த்தாகத் தூங்கியது.

"எப்படிச் சத்தம் வருது?" என்றேன். அந்தோணி கழுத்தை நீட்டி, கண்ணைப் பிதுக்கி, மூச்சை இழுத்துக் காட்டினார். நர்ஸ் கமலா சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு ஓடி வந்தாள். "அண்ணே, உட்காருங்கண்ணே! டாக்டர், இவருக்கு ஆக்சிஜன் வைக்கவா?"

லிப்ஸ்டிக்

குழந்தையின் தாடையிலும் கீழுதட்டிலும் சிவப்புத் திட்டுகள். கூட வந்திருந்த அந்தோணியின் அக்கா ரீத்தா முத்தம் கொடுத்து, லிப்ஸ்டிக் ஒத்துக்கொள்ளாமல் வந்தது என்று வீட்டில் ஏற்கெனவே தீர்ப்பாகியிருந்தது.

"இது ரத்தக்குழாய்கள் திரண்டு வளர்ற கட்டி. தாடையில இருந்தா மூச்சுக்குழாய்க்குள்ளயும் ஒன்னு இருக்கலாம். உடனே பாக்கணும்" என்றேன். அந்தோணிக்கு முகம் வெளிறிவிட்டது. ரீத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு தம்பியை முறைத்தார். "மூனு வாரமா வெறும் உதட்டோட மாதா கோயிலுக்குப் போறேன்லா!"

ஒரு லேன்

மயக்க மருந்து கொடுத்து, கேமரா விட்டுப் பார்த்தோம். குரல்நாணுக்குக் கீழே சிவப்பாக, வழவழவென்று ஒரு வீக்கம். பாதி வழி அடைத்திருந்தது. படத்தை அந்தோணி வாங்கிப் பார்த்தார். "ரெண்டு லேன் ரோட்டுல ஒரு லேனை அடைச்சிக்கிட்டு லோரி நிக்குது. இழுத்துப் போட முடியுமா டாக்டர்?"

சத்தம் நின்றது

இழுக்க வேண்டியதில்லை, குடிக்கிற மருந்திலேயே சுருங்கும் என்றேன். பெரியவர்களின் ரத்த அழுத்தத்துக்குக் கொடுக்கிற அதே மருந்துதான். குழந்தைக்கு எடை பார்த்துத் துளியளவு. பால் குடிக்காதபோது கொடுத்தால் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிடும். அதனால் வார்டிலேயே வைத்துக் கவனித்தோம்.

மூன்றாம் நாள் காலை அந்தோணி ஓடி வந்தார். "டாக்டர், சத்தம் நின்னுபோச்சு!" செருப்பு ஒன்று கழன்று விழுந்ததுகூடத் தெரியாமல் ஓடினேன். குழந்தை வயிறு நிறையக் குடித்துவிட்டு, அம்மா மடியில் சீராக மூச்சு விட்டுத் தூங்கிக்கொண்டிருந்தது. மருந்து கேட்கிறது, இன்னும் பல மாதம் விடாமல் கொடுக்க வேண்டும் என்றேன். அந்தோணி கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பினார். "அந்தச் சத்தம் கேட்டாதான் புள்ள இருக்குன்னு தூங்குவேன் டாக்டர். இனி நான் எப்படித் தூங்குறது?"

குழந்தைக்கு மருந்து மூன்று நாளில் வேலை செய்துவிட்டது. அப்பாக்களுக்கு இன்னும் எங்கள் துறையில் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை.